வெள்ளை நாடா வேலி

ஏர்வாடியிலிருந்து வாலிநோக்கம் போகிற ரோட்டில் ஹாஜா முகைதீன் தோட்டம் எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘ஈமுக்கோழி பாய் வீடு’ என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்திருப்பவர்கூட எழுந்து ரோடு வரைக்கும் வந்து வழி காட்டுவார். காட்டிவிட்டுச் சிரிக்கவும் செய்வார். அதையெல்லாம் பொருட்படுத்துகிற ஆள் ஹாஜா இல்லை.

ஓமானில் ஓர் அரபியின் பண்ணையில் இருபத்திரண்டு வருஷம் நெருப்புக்கோழிக்கும் ஈமுவுக்கும் தீனி வைத்தவர். மற்றவர்கள் சபூர் என்று வெளிநாடு போய்க் கடை வைக்கக் கற்றார்கள், வண்டி ஓட்டக் கற்றார்கள். இவர் கற்றதெல்லாம் ஆளுயரப் பறவைக்குக் கோபம் வருமுன் கழுத்து எப்படிப் புடைக்கும் என்பதுதான். ஊருக்குத் திரும்பிய மறுவருஷம், திண்டுக்கல் பக்கம் மூடிக்கிடந்த பண்ணை ஒன்றிலிருந்து ஆறு ஈமுக்களை மினிவேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். மனைவி மஜீதா வாசலில் நின்று பார்த்தாள். ஆறும் கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தன.

“சக்களத்தி ஒண்ணு வந்தாலே தாங்காது. மச்சான் ஆறு கொண்டாந்திருக்காக” என்றாள் பக்கத்தில் நின்ற உப்பளத்துச் செவ்வந்தியிடம்.

முதல் மாசம் திட்டினாள். இரண்டாம் மாசம் கீரைத்தண்டை நறுக்கிப் போட்டாள். மூன்றாம் மாசம், சேவல் ஒன்றுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயரும் வைத்துவிட்டாள். கல்யாண வீட்டுக்கு வந்தவனைப் போல எந்நேரமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது நடந்ததுதான் காரணம்.

அந்த மாப்பிள்ளைதான் மாசி பிறப்பதற்கு முன்னால் தோட்டத்து மூலையில், பனைமட்டை நிழலில், ஏழு முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. கரும்பச்சை நிறத்தில் ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தேங்காய் கனம். ஈமுவில் பெட்டை முட்டையை இட்டுவிட்டு அதன் பாட்டுக்குப் போய்விடும், அடை காப்பது சேவல். எட்டு வாரத்துக்கு அது இரை எடுக்காது, தண்ணீருக்கும் அநேகமாக எழாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்தே நாளை ஓட்டும்.

“நமக்கு முப்பது நோன்பு. இதுக்கு அம்பத்தாறு” என்றார் ஹாஜா, பெருமை தாங்காமல். அந்த வருஷம் மாசியில்தான் ரமலான் வந்தது.

மஜீதா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தாள். “ரெண்டு பிள்ள பெத்தேன். ரெண்டு தடவையும் பக்கத்துல இப்படி ஒரு ஆளு குந்தி இருக்கல.”

குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. ஹாஜா முட்டை உருட்டும் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, “அதுக்குத்தான் இத விட்டு நகர மாட்டேங்கிறேன் போல” என்றார்.  மஜீதா கஞ்சிக்கு அரிசி களைய வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த ஏழு முட்டைக்குத்தான் ஆபத்து வந்தது. அதற்குக் காரணம் ஹாஜா போட்ட வேலி.

கடற்கரைக்காரர்களுக்கு வேலி என்றால் பழைய வலைதான். பாம்பனில் விசைப்படகுக்காரர்கள் கழித்துப் போட்ட வலையை அள்ளிவந்து, நாலு கம்பு நட்டுக் கட்டிவிட்டால் ஆடும் வராது, கோழியும் போகாது. கத்தரித் தோட்டத்துக்கும் அதுதான், கல்யாணப் பந்தலுக்கும் அதுதான். ஹாஜாவும் அதையே கட்டினார். வலையின் கண்ணில் ஆளுயரப் பறவையின் கால் நுழையும் என்பதை அவர் யோசிக்கவில்லை. ஓமான் பண்ணையில் மீன்வலை ஏது, யோசிப்பதற்கு?

பிறை பார்க்கிறதுக்கு முதல்நாள் மத்தியானம், உடைமரம் மண்டிய உடைங்காட்டுக்குள்ளிருந்து நாய்கள் ஐந்தாறு வந்தன. இறால் பண்ணைக் கழிவைத் தின்று கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்திருந்தன. அவை வலையைச் சுற்றிக் குரைக்க, பெட்டை ஒன்று மிரண்டு ஓடி வலையில் விழுந்தது. உதற உதற இறுகியது. ஹாஜா அரிவாளோடு ஓடிப்போய் வலையை அறுப்பதற்குள் கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அறுத்தார்கள். அக்கம்பக்கத்துக்குக் கறி போனது. ஹாஜா ஒரு துண்டைத் தொடவில்லை.

நாய்கள் ருசி கண்டுவிட்டன. மறுநாளும் வந்து சுற்றிப் போயின. மாப்பிள்ளை எழுந்து ஓடாது. அது எழுந்தால் முட்டை போச்சு, எழாமல் இருந்தால் அதுவே போச்சு. ஹாஜா போனை எடுத்துக் கோயம்புத்தூரில் சோலார் வேலி விற்கிறவரிடம் பேசினார்.

“முள்ளுக்கம்பி வேணாங்க. மெலிசுக் கம்பியும் வேணாம். இதுக ஓடுற வேகத்துல மெலிசுக் கம்பி கண்ணுக்குத் தெரியாது, கழுத்து அறுந்துரும். நான் கண்ணால பாத்துருக்கேன். நாடா மாதிரி அகலமா, வெள்ளையா ஒண்ணு வரும்ல, உள்ள கம்பி இழை ஓடும்ல, அதான். உள்பக்கம் நான் கம்பிவலை அடிச்சுக்கிருவேன். கரண்டு வெளிப்பக்கம் நாய்க்குத்தான். கோழிக்கு இல்ல. இறக்கைக்கு மேல பட்டா அதுக்கு உறைக்கவும் செய்யாது. ஆமாங்க, கவர்மெண்டு முத்திர உள்ள மெசினா அனுப்புங்க.”

மெஷின் வர பத்து நாளாவது ஆகும் என்றார்கள்.

பத்து நாள்! ஹாஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நோன்பன்று வயர்மேன் அருள்முருகன் வந்து சேர்ந்தான். நல்லவன், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறவன். தொழில் தெரிந்தவன்தான். தெரியாதது ஒன்றே ஒன்று, தனக்குத் தெரியாதது என்ன என்பது.

“பாய், இதுக்குப் போயி எதுக்குப் பத்து நாளு? மோட்டார் ரூம்ல இருந்து ஒரு லைன இழுத்து, சுத்திக் கம்பி கட்டி விட்டா முடிஞ்சது சோலி.”

“ஆளு பட்டா?”

“நடுவுல ஒரு குண்டு பல்ப மாட்டி விட்ருவோம். எவனாச்சும் தொட்டா பல்பு எரியும், ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. எத்தன எடத்துல போட்டுருக்கேன்.”

ஹாஜா உடைங்காட்டுப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

சாயந்திரத்துக்குள் கம்பி கட்டியாகிவிட்டது. கம்புக்குக் கம்பு வெள்ளைப் பீங்கான் குமிழ். பொழுது அடைந்ததும் சுவிட்சைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அருள்முருகன் பைக்கை உதைத்துப் போனான். மஜீதா நோன்புக் கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தவள், அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்து அந்தக் கம்பியைப் பார்த்தாள். 

கம்பிக்கு வெளியே, ஒரு முழம் தள்ளித்தான் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் தினமும் நடக்கிறவள் செவ்வந்தி.

செவ்வந்தி வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவள். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்க வேண்டும் என்பதால் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே, நாலரை மணிக்குத் தூக்குவாளியோடு அந்த வழியாகப் போவாள். ரமலானில் விடியுமுன் சகர் சாப்பாட்டுக்கு எழ அவள் குரல்தான் மஜீதா வீட்டுக்கு அலாரம். “அக்கா, சகருக்கு எந்திரிச்சாச்சா?” என்று வேலிக்கு வெளியே நின்று ஒரு குரல். “எந்திரிச்சாச்சு” என்று உள்ளிருந்து பதில் வந்தபிறகுதான் நகர்வாள். சாயந்திரம் அதே தூக்குவாளியில் மஜீதா கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள். எட்டு வருஷமாக இப்படி. இதற்கு நன்றி என்று ஒருத்தியும் ஒருத்திக்கும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வந்தியின் புருஷன் கூத்தையா செத்தது கரண்டு வேலியில். இரண்டு வருஷம் முன்னால், கரையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கடலைக்காட்டுக்காரர் பன்றிக்காகப் பம்புசெட்டிலிருந்து இழுத்துவிட்ட கம்பியில். தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பு மாறி நடந்தார், அவ்வளவுதான்.

பொழுது அடைய இன்னும் நேரம் இருந்தது. மஜீதா மோட்டார் ரூமுக்குள் போனாள். பலகையிலிருந்த பீஸ் கட்டைகள் இரண்டையும் பிடுங்கினாள். வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தாள். கைகழுவிக் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றினாள்.

பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் வாயில் போட்டு, கஞ்சியும் வடையும் முடித்துத் தொழுதுவிட்டு ஹாஜா சுவிட்சைப் போடப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“மோட்டார் ரூம்ல கரண்டு இல்லையே புள்ள.”

“இருக்காது. பீஸ் கட்ட எங்கிட்ட இருக்கு.”

“வெளையாடாத. நாய் வார நேரம்.”

“செவ்வந்தி வார நேரமும் வரும்ல?”

“நாலு மணிக்கு நான் ஆஃப் பண்ணிருவேன்.”

“அசந்து தூங்கிட்டா?”

“அதான் பல்பு இருக்குல்ல.”

“மச்சான், என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. அந்தப் பல்பு ஆளக் காப்பாத்துமா?”

ஹாஜா முகைதீன் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கல்யாணமான புதிதில்கூட, அவள் ஆக்கிய மீன் ஆணம் உப்புக்கரித்தால் கரிக்கிறது என்று சொல்லித் தொலைத்தவர்.

“காப்பாத்தாது” என்றார். “பல்பு எரியிற கரண்டுல பாதி போதும், ஆளு போறதுக்கு.”

“தெரிஞ்சேவா தலைய ஆட்டுனீக?”

“அது எந்திரிக்க மாட்டேங்குது மஜீ. நாய் கிட்டக்க வந்து நின்னுச்சு, அப்பவும் எந்திரிக்கல. கண்ண மட்டும் உருட்டி என்னைப் பாத்துச்சு. நான் என்ன செய்ய?” சொல்லும்போதே குரல் உடைந்தது.

மஜீதாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் போனில் மட்டும் கேட்ட குரல் இது. போனில் ஒருநாளும் உடைந்ததில்லை.

“கம்ப எடுங்க. டார்ச்ச எடுங்க. பாயப் போட்டு அதுக்குப் பக்கத்துல படுங்க. பத்து நாளுதான? நான் சாயா போட்டுக் கொண்டாரேன்.”

அப்படியே செய்தார். மறுநாள் அருள்முருகனைக் கூப்பிட்டு இணைப்பைக் கழற்றவும் சொல்லிவிட்டார். ஒரு பொட்டுக் கரண்டுகூட அந்தக் கம்பியில் ஓடவில்லை.

ஆனால் நாலாம் நோன்பன்று இருவரும் சகர் சாப்பிடவில்லை. விடியற்காலை சுபுஹு பாங்கு கேட்டுத்தான் விழித்தார்கள். யாரும் எழுப்பவில்லை.

சாயந்திரம் கஞ்சி ஆறிப்போனது. ஐந்தாம் நோன்பும் அப்படியே. உடம்புக்கு ஏதாவதா என்று மஜீதா பதறிப்போய், உப்பளத்துக்குப் போகிற மீனம்மாளை ரோட்டில் மறித்துக் கேட்டாள்.

“அவளுக்கென்ன, நல்லாத்தான இருக்கா” என்றாள் மீனம்மாள். “ரோட்டச் சுத்தில்ல நடந்து வாரா. மூணு மைலு. எதுக்குடி இப்படின்னேன், பேச மாட்டேங்குறா.”

செவ்வந்தி கம்பியைப் பார்த்துவிட்டாள். நாலாம் நோன்பு அதிகாலையில் தூக்குவாளியோடு வந்து, வெள்ளைக் குமிழையும் கம்பியையும் கண்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, வையவில்லை. அதுதான் மஜீதாவைக் குடைந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று பலமுறை கிளம்பினாள். என்னவென்று சொல்வது? கரண்டு விடவில்லை என்பது நிஜம். விடுவதற்காகத்தான் கட்டினோம் என்பதும் நிஜமாயிற்றே.

பதினோராம் நோன்பன்று பார்சல் வந்தது. ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, தலையில் சூடுகிற பூச்சரம் போலச் சுருட்டி வைத்த வெள்ளை நாடா. பழைய கம்பியை ஹாஜா தன் கையாலேயே அறுத்து எறிந்தார். உள்ளே ஆறடிக் கம்பிவலை, வெளியே நாய் மூக்கு உயரத்திலிருந்து மூன்று வரிசை நாடா. ‘மின்வேலி’ என்று மஞ்சள் பலகை நாலு பக்கமும். பெட்டியை முடுக்கினால் டிக்... டிக்... என்று நொடிக்கொரு தரம் சத்தம். எல்லாம் சரி, சோதனை பார்க்கிற கருவியில் மட்டும் விளக்கு ஒன்றுக்கு மேல் ஏறவில்லை.

“எர்த்து எடுக்கல” என்று தலையில் கைவைத்தார் ஹாஜா. “இந்தப் பொட்ட மணல்ல ஈரம் ஏது? நாயி தொட்டா அதுக்குக் கூச்சங்கூட இருக்காது. குழி வெட்டிக் கரியும் உப்பும் ரொப்பித் தண்ணி ஊத்தணும். கரிய, கரி சுடுற மூட்டத்துல வாங்கிரலாம். உப்பு கல்லு உப்பா ஒரு சாக்கு வேணும். கடைக்குப் போயிட்டு வாரேன்.”

“நீங்க குழிய வெட்டுங்க” என்றாள் மஜீதா. “உப்புக்கு நான் போறேன்.”

செவ்வந்தி வீட்டு வாசலில் முறத்தில் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் உப்பு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. மஜீதாவைக் கண்டதும் எழுந்து பாயை உதறிப் போட்டாள். முகம் கொடுக்கவில்லை.

“உப்பு கேட்டு வந்தேன் செவ்வந்தி.”

“கடையில இல்லையாக்கா?”

“இருக்கு.”

மஜீதா முறத்திலிருந்த கருவாடு ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.

“ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல நீ?”

“என்னத்தக் கேக்க?” என்றாள் செவ்வந்தி. “ஒங்க தோட்டம், ஒங்க கோழி. கூத்தையா செத்தப்பவும் அந்தக் கடலக்காட்டுச் சம்சாரி அதத்தான் சொன்னாரு. என் காடு, என் கடலைன்னு.”

மஜீதா பாயில் உட்கார்ந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். அருள்முருகன் வந்தது, மச்சான் தலையாட்டியது, தான் பீஸ் கட்டையைப் பிடுங்கியது, அரிசிப் பானை எல்லாவற்றையும்.

“அரிசிப் பானையிலயா?”

“அவுக அரிசிப் பானையத் தொறக்கவே மாட்டாக. அதான்.”

செவ்வந்தியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, நிற்காமல் போனது. “கரண்டு விடாதுக்கா. அதான் எனக்கு. புடிச்சா புடிச்சதுதான். அவுக கையி கம்பிய இறுக்கிப் புடிச்சபடியே கெடந்துச்சு. தூக்கப் போன ஆளையும் இழுத்துருச்சு. கம்பால தட்டித்தான் எடுத்தாக. வீட்டுக்குக் கொண்டாந்தப்பவும் கையி அப்படியே மூடியிருந்துச்சு. நான்தான் ஒவ்வொரு வெரலா விரிச்சேன்.”

“இது புடிக்காதாம் செவ்வந்தி. ஒரு தட்டு, ஒடனே விட்ருமாம். அப்புறம் ஒரு தட்டு. நடுவுல கைய எடுத்துரலாமாம்.”

“யாரு சொன்னா?”

“மச்சான்.”

“அண்ணேந்தான தலையையும் ஆட்டுனாக” என்றாள் செவ்வந்தி. வன்மமில்லை, கணக்காகச் சொன்னாள்.

ஆனால் மறுநாள் வேலை முடிந்து, ரோட்டைச் சுற்றித்தான், தலையில் ஒரு சாக்கு உப்போடு செவ்வந்தி வந்தாள். உப்பளத்து அம்பாரத்தில் ஓலை மூடிக்கிடந்த போன வருஷத்து உப்பு. கேட்டுக்கு வெளியிலேயே இறக்கி வைத்தாள். ஹாஜா ஓடிவந்து தூக்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

குழிக்குள் ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு உப்பு. நடுவில் இரும்புக் கம்பி. நோன்பு வைத்த வாயோடு ஹாஜா மூச்சு வாங்க அள்ளிப்போட்டார்.

“உப்ப இப்படியாண்ணே போடுவாக?” என்றபடி செவ்வந்தி பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்து மண்வெட்டியை வாங்கினாள். பாத்தி மிதிக்கிற காலால் குழியை மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். மஜீதா ஏழெட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினாள். ஹாஜா பெட்டியை முடுக்கினார். கருவியில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறின.

டிக்... டிக்... என்று கேட்டதும் செவ்வந்தி மூன்று எட்டுப் பின்னால் போய்விட்டாள்.

மஜீதா முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே நாடாவிடம் போனாள்.

“ஏ புள்ள, நோன்போட என்ன செய்யிற?” என்று ஹாஜா பதறுவதற்குள் விரலை வைத்துவிட்டாள். முழங்கையில் யாரோ சுத்தியலால் போட்ட மாதிரி ஒரு போடு. “யா அல்லா!” என்று அலறிக் கையை உதறினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பெட்டைகள் மிரண்டு ஓடின. மாப்பிள்ளை மட்டும் கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு முட்டைமேல் இன்னும் அமுங்கி உட்கார்ந்தது.

“பாத்தியா, நிக்கிறேன்ல? பேசுறேன்ல?” கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். கண்ணில் நீர் வந்திருந்தது.

செவ்வந்தி அவளையே பார்த்தாள். பிறகு நடந்து வந்தாள். ஈர மண்ணில் வெறுங்காலை ஊன்றி, வலதுகையைப் புடவையில் துடைத்தாள்.

“வேணாம் தாயி” என்றார் ஹாஜா. “நீ எதுக்கு?”

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. விரலை வைக்கவில்லை, நாடாவைக் கைநிறையப் பிடித்தாள். கூத்தையா பிடித்த மாதிரி.

டிக்.

தூக்கிவாரிப் போட்டது. கை தானாக விரிந்து பின்னால் வந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

“விட்ருச்சேக்கா” என்றாள். “இது விட்ருச்சே.”

“ஆமா, செவ்வந்தி.”

“இவ்வளவுதானா? பன்னியும் ஓடியிருக்கும்ல இதுக்கு? இத மாதிரி ஒண்ணப் போட்டுருந்தா, கெட்ட வார்த்தையில வஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்திருப்பாகளே அவுக. கைய ஒதறிக்கிட்டே வந்து எங்கிட்ட வஞ்சிருப்பாகளே.”

இரண்டு வருஷத்தில் அவள் அப்படி அழுது ஊரில் யாரும் பார்த்ததில்லை. மஜீதா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஹாஜா பெட்டியை நிறுத்தினார். என்ன செய்வது என்று தெரியாமல் காலிச் சாக்கை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அன்று சாயந்திரம் தூக்குவாளி நிறையக் கஞ்சி போனது.

அடுத்த நாள் விடியாத இருட்டில் மஜீதா முன்பே விழித்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. படுத்தபடி காதைக் கொடுத்துக் கிடந்தாள். தோட்டத்து மூலையில் டிக், டிக் என்று பெட்டியின் சத்தம். அதற்கு அந்தப் பக்கம், ஒற்றையடிப் பாதையில், தூக்குவாளி ஆடுகிற சத்தம். நாடாவுக்குப் பக்கத்தில் வந்ததும் அது நின்றது. மஜீதா மூச்சைப் பிடித்தாள்.

“அக்கா, சகருக்கு எந்திரிச்சாச்சா?”

“எந்திரிச்சாச்சு” என்றாள் மஜீதா, இன்னும் படுத்தபடியே.